அமெரிக்கச் சிற்றூரின் பழைய கட்டடங்களை வாசிப்பது எப்படி

அமெரிக்காவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஏதாவது ஒரு சின்ன ஊருக்குள் போனால், மூவாயிரம் நாலாயிரம் பேர் மட்டுமே இருக்கும் ஊரில் மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும். கீழே பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், மேல் மாடிகளில் யாரும் இருப்பதாகவே தெரியாது. வருகிறவர்கள் நாலு போட்டோ எடுத்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் அந்தக் கட்டடங்களை வைத்தே ஊரின் கதையைக் கிட்டத்தட்ட சரியாகச் சொல்லிவிடலாம், அதற்குக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டே கேள்விகள்: இந்த ஊருக்குப் பணம் எப்போது வந்தது? எப்போது நின்றது?

இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பேன். பணம் வந்துகொண்டே இருந்த ஊர்களில் பழசை இடித்துவிட்டுப் புதுசு கட்டிவிட்டார்கள். பணம் நின்றுபோன ஊர்களில்தான் பழசு அப்படியே தங்கியிருக்கிறது. இலினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர், 1840களில் அங்கிருந்து மிசிசிப்பி வழியாக நீராவிப் படகுகளில் ஈயம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஈயம் குறைந்தது, ஊரை மிசிசிப்பியோடு சேர்த்த கலீனா ஆறு தூர்ந்தது, 1850களில் ரயில் வந்து படகு வியாபாரத்தைக் கொண்டுபோனது. இன்று ஊரில் சுமார் 3,300 பேர். இடித்துக் கட்ட யாருக்கும் அவசியமும் இல்லை, வசதியும் இல்லை என்பதால் கடைத்தெருவான மெயின் ஸ்ட்ரீட் அப்படியே பிழைத்துக்கொண்டது. இண்டியானாவில் ஓஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் மேடிசனுக்கும் இதே கதைதான். அந்த மாநிலத்தின் முதல் ரயில் பாதை 1847-ல் மேடிசனிலிருந்து இண்டியானாபொலிஸ் வரை முழுதாகப் போய்ச் சேர்ந்தது, அப்புறம் வேறு ஊர்களுக்கும் பாதைகள் வந்ததும் வியாபாரம் அந்தப் பக்கம் போய்விட்டது. இன்று அங்கே 133 பிளாக்குகள் வரலாற்றுப் பகுதியாகப் பதிவாகியிருக்கின்றன.

கிளம்பும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியவை

முதல் வேலை, அந்த ஊர் நேஷனல் ரெஜிஸ்டரில் இருக்கிறதா என்று பார்ப்பது. 1966-ல் வந்த வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தேசியப் பூங்காத் துறை வைத்திருக்கும் பட்டியல் அது. தனிக் கட்டடமாகவும் சேர்ப்பார்கள், ஒரு தெருவையோ ஊரின் நடுப்பகுதியையோ மொத்தமாக 'ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்' என்றும் சேர்ப்பார்கள். நமக்கு வேண்டியது பட்டியல் அல்ல, அதில் சேர்ப்பதற்காக எழுதிக் கொடுத்த விண்ணப்பம். அதில் ஊரின் வரலாறு, ஒவ்வொரு கட்டடத்தின் முகவரி, கட்டிய ஆண்டு, என்ன மாற்றினார்கள் என்பதெல்லாம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கான்ட்ரிபியூட்டிங்', 'நான்-கான்ட்ரிபியூட்டிங்' என்று ஒரு முத்திரையும் இருக்கும். முதல் வகை என்றால் அந்தத் தெருவின் பழைய முகத்துக்குத் தன் பங்கைத் தருகிற கட்டடம், இரண்டாவது என்றால் பின்னாளில் வந்தது அல்லது அடையாளம் தெரியாமல் மாறிப்போனது. பெரும்பாலான விண்ணப்பங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1970களில் எழுதியவை சில பக்கங்களோடு மேலோட்டமாக முடிந்துவிடும், பிற்காலத்தவை நூறு பக்கத்தைத் தாண்டுவதும் உண்டு. எதுவாக இருந்தாலும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சான்பார்ன் வரைபடங்கள். இவை கையில் இல்லாமல் போகவே கூடாது. தீ விபத்துக் காப்பீட்டுக் கம்பெனிகள் எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு பிரீமியம் போடலாம் என்று முடிவு செய்வதற்காக, 1867-ல் தொடங்கிய சான்பார்ன் நிறுவனம் ஆயிரக்கணக்கான ஊர்களைக் கட்டடம் கட்டடமாக அளந்து வரைந்தது. அளவு ஓர் அங்குலத்துக்கு ஐம்பது அடி. இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல், சாம்பல் என்றால் இரும்பு அல்லது தகரம். ஓரத்தில் இருக்கும் எண் எத்தனை மாடி என்று சொல்லும். 'டி' என்ற எழுத்து வீட்டைக் குறிக்கும், 'எஸ்' கடையைக் குறிக்கும். சிறிய பெருக்கல் குறி இருந்தால் கூரை மர ஓடு, சிறிய வட்டம் இருந்தால் சிலேட்டோ தகரமோ, அதாவது சட்டென்று தீப்பிடிக்காதது. ஒரே ஊரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வந்து வரைந்திருப்பார்கள், ஆகவே 1886, 1893, 1908 என்று மூன்று தாள்கள் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தாளில் மஞ்சளாக இருந்த ஒரு வரிசை அடுத்த தாளில் மொத்தமாக இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், நடுவில் ஒரு தீ விபத்து நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்த இடைவெளியில் வந்த உள்ளூர்ப் பத்திரிகையைத் தேடினால் தேதியே கிடைக்கும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலக இணையத்தளத்தில் ஏராளமான தாள்கள் இலவசமாக இருக்கின்றன.

தெருவில் நின்றபடி

கடை வாசலில் நிற்காதீர்கள், எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். தரைத்தளம் எப்போதும் பொய் சொல்லும். கடைக்காரர்கள் மாறும்போதெல்லாம் கண்ணாடியும் கதவும் மாறியிருக்கும். 1930களில் மின்னுகிற நிறக் கண்ணாடிப் பலகை ஒட்டியிருப்பார்கள், 1960களில் முகப்பு முழுவதையும் அலுமினியத் தகட்டால் மூடியிருப்பார்கள். இரண்டாவது மாடிக்கு மேல் செலவு செய்ய யாருக்கும் மனம் வந்ததில்லை, அதனால் அங்கேதான் அசல் தங்கியிருக்கும். தகட்டால் மூடிய கட்டடத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், பல இடங்களில் தகட்டைக் கழற்றியபோது உள்ளே பழைய முகப்பு பத்திரமாக இருந்திருக்கிறது.

உச்சியில் பெயரும் ஆண்டும் பொறித்த கல் இருந்தால் நல்லது, ஆனால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. சில சமயம் அது கட்டடத்தின் ஆண்டாக இல்லாமல் கடை தொடங்கிய ஆண்டாக இருக்கும், சில சமயம் பழைய கட்டடத்துக்குப் புது முகப்பு வைத்த ஆண்டாக இருக்கும். ஜன்னலோடு ஒத்துப்பாருங்கள். பெரிய கண்ணாடி விலை அதிகமாக இருந்த காலத்தில் சின்னச் சின்னச் சில்லுகளைச் சட்டத்தில் கோத்துப் போட்டார்கள். மேல் சட்டத்தில் ஆறு, கீழ்ச் சட்டத்தில் ஆறு என்று இருந்தால் பெரும்பாலும் உள்நாட்டுப் போருக்கு (1861-65) முந்தையது, இரண்டுக்கு இரண்டு என்றால் 1870களை ஒட்டியது, ஒன்றுக்கு ஒன்று என்றால் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. சட்டத்தைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம் என்பதால் இது விதியாகச் சொல்வதல்ல, ஒரு யூகம்தான். ஜன்னலுக்கு மேலே இருக்கும் வளைவோ கல்லோ மாறியிருக்காது, அதை நம்பலாம்.

அடுத்தது இரும்பு. ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடை வாசலின் இருபக்கமும் கல்தூண் மாதிரி தெரிகிறவற்றில் பல வார்ப்பிரும்பு, பெயிண்ட் அடித்து அடித்துக் கல்லைப் போலவே ஆகியிருக்கும். காந்தம் ஒட்டினால் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வார்த்த பட்டறையின் பெயரும் ஊரும் ஒரு சின்னத் தகட்டிலோ தூணிலேயே புடைப்பாகவோ இருக்கும். பல அடுக்குப் பெயிண்டில் எழுத்து மழுங்கியிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அதில் 'மெஸ்கர்' என்று இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். செயின்ட் லூயிஸில் மெஸ்கர் பிரதர்ஸ், எவன்ஸ்வில்லில் இன்னொரு சகோதரரான ஜார்ஜ் மெஸ்கர், இரண்டு பேரும் கேட்லாக் அச்சடித்து நாடு முழுவதும் அனுப்பி, முழுக் கட்டட முகப்பையே ரயிலில் ஏற்றி விற்றார்கள். மேல்மாடி செதுக்கு வேலை எல்லாம் கல் இல்லை, துத்தநாகம் பூசிய தகட்டை அழுத்தி எடுத்தது. ஒரு சாதாரண மளிகைக்காரர் பெருநகரத்து வியாபாரி மாதிரி தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால், கட்டுப்படியாகும் விலையில் அது கிடைத்தது. இதைப் போலி என்று சிலர் மட்டமாகப் பேசுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 1890களின் சின்ன ஊர் எப்படித் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கடைக் கண்ணாடிக்கு மேலே சதுரம் சதுரமாக, உள்பக்கம் வரிவரியாக இருக்கும் சின்னக் கண்ணாடிகள் தென்பட்டால் அவை அலங்காரம் மட்டும் அல்ல. மின்விளக்கு இன்னும் பரவலாகாத காலத்தில், வெளிச்சத்தை மடக்கி நீளமான கடையின் பின்பகுதி வரைக்கும் அனுப்பியவை, 1890களின் கடைசியிலிருந்து வந்தவை. சில சில்லுகள் லேசான ஊதா நிறமாகியிருக்கும். கண்ணாடியில் சேர்த்த மாங்கனீசு வெயில் பட்டுப் பட்டு அப்படி மாறும்.

இரண்டு கடைகளுக்கு நடுவில் தனியாக ஒரு ஒடுங்கிய கதவு இருக்கும், அது மாடிப்படிக்குப் போவது. வக்கீலும் பல் டாக்டரும் இரண்டாவது மாடியில் இருந்தார்கள், மூன்றாவது மாடி பெரும்பாலும் ஏதாவது ஒரு சங்கத்துடையது. உச்சியில் மூன்று சங்கிலி வளையங்கள் தெரிந்தால் ஆட் ஃபெலோஸ், மூலைமட்டமும் கவராயமும் தெரிந்தால் மேசன்கள். மேல்மாடி ஜன்னல்கள் மட்டும் வழக்கத்தைவிட உயரமாக இருந்தால் உள்ளே ஒரு கூடமோ 'ஆப்பரா ஹவுஸோ' இருந்திருக்கும். ஆப்பரா நடந்ததோ இல்லையோ, நாடகமும் பட்டமளிப்பு விழாவும் கூட்டங்களும் நடந்தன, பெயர் மட்டும் பெரிசாக வைத்துக்கொண்டார்கள்.

சுவரில் பதித்த இரும்பு நட்சத்திரங்களைப் பலரும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். உள்ளே ஒரு இரும்புக் கம்பி குறுக்கே ஓடி, சுவர் வெளியே பிதுங்காமல் இழுத்துப் பிடித்திருக்கிறது, அதன் முனைதான் அந்த நட்சத்திரம். ஒழுங்கான வரிசையில் இருந்தால் கட்டும்போதே வைத்திருக்கலாம், ஒரே இடத்தில் கோணல்மாணலாக நாலைந்து இருந்தால் பின்னாளில் சுவர் பயமுறுத்தியிருக்கிறது.

இப்போது சந்துக்குப் போங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் பணம் எங்கே தீர்ந்துபோனது என்பது அங்கேதான் தெரியும். முன்பக்கம் வழுவழுப்பான, ஒரே நிறமான, மெல்லிய சாந்துக்கோடு போட்ட செங்கல். மூலையைத் திரும்பியதும் மேடுபள்ளமான மலிவுச் செங்கல். இரண்டும் சேரும் அந்த மூலையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், முன்பக்கச் செங்கல் எத்தனை அங்குலம் திரும்பி வந்திருக்கிறது என்பதே முதலாளியின் பட்ஜெட். பக்கத்துக் கட்டடம் இடிந்துபோயிருந்தால் அதன் கூரைச் சரிவு சுவரில் கோடாகத் தெரியும், உத்தரங்கள் செருகியிருந்த குழிகள் வரிசையாக இருக்கும், சில நேரம் இரண்டாவது மாடி உயரத்தில் அந்தரத்தில் குளிர்காயும் கணப்பு அடுப்பு ஒன்றுகூட நிற்கும். மங்கிப்போன மாவு விளம்பரமோ புகையிலை விளம்பரமோ சுவரில் இருந்தால் அது போனஸ்.

செங்கல் முகம் செதில் செதிலாக உதிர்ந்து, சாந்து மட்டும் கெட்டியாக வெளியே துருத்திக்கொண்டு நிற்பதையும் பார்ப்பீர்கள். பழைய செங்கல் மென்மையானது, அதற்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பொருத்தம். பின்னாளில் நல்லது செய்வதாக நினைத்து யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வெளியேறும், பனிக்காலத்தில் உறையும்போது முகத்தை உடைத்துவிடும்.

பாணிகள்: தெரிந்தால் போதும், மூழ்க வேண்டாம்

புதிதாக ஆர்வம் வருகிறவர்கள் முதலில் பாணிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வார்கள், அப்புறம் எந்தக் கட்டடமும் எதிலும் சரியாகப் பொருந்தவில்லையே என்று சோர்ந்துபோவார்கள். சின்ன ஊர்க் கொத்தனாரும் தச்சரும் புத்தகத்தில் ஒன்றைப் பார்த்து, ஏற்கெனவே கைக்கு வந்ததோடு கலந்து கட்டினார்கள், பெருநகரத்தில் பழசாகிப்போன பாணி பத்து வருடம் கழித்து இங்கே புதுசாக வந்து சேர்ந்ததும் உண்டு. மெயின் ஸ்ட்ரீட்டில் அதிகம் பார்ப்பது இத்தாலியனேட், உயரமான ஒடுங்கிய ஜன்னல், அதன் மேல் புருவம் மாதிரி வளைவு, கூரை விளிம்புக்குக் கீழே தாங்கிக் கட்டைகள். 1850 முதல் 1880கள் வரை இதுதான் ராஜா. அதற்கு முந்தைய கிரீக் ரிவைவலில் எல்லாம் நேர்க்கோடு, தட்டையான கல் உத்தரம், வசதி இருந்தால் தூண்கள். 'ப' கவிழ்த்த மாதிரி செங்குத்தான கூரை என்றால் செகண்ட் எம்பயர், கனமான கல் வளைவு என்றால் ரோமனெஸ்க்.

கலீனாவில் இதை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். 1826-ன் டவ்லிங் வீடு வெறும் சுண்ணாம்புக்கல், கடையும் வீடும் ஒன்றாக இருந்த இடம், அழகுக்கென்று ஒரு பைசா செலவில்லை. 1845-46-ல் கட்டிய பழைய மார்க்கெட் ஹவுஸ் கிரீக் ரிவைவல். 1860-ல் கட்டிய செங்கல் வீடு ஒன்றை, உள்நாட்டுப் போர் முடிந்து 1865-ல் திரும்பி வந்த வடக்குப் படைத் தளபதி ஜெனரல் கிராண்டுக்கு ஊர்க்காரர்கள் பரிசளித்தார்கள், அது சுத்தமான இத்தாலியனேட். கல் வீட்டிலிருந்து அலங்காரத் தாங்கிக் கட்டைகள் வரை முப்பத்து நாலே வருடம்.

மேடிசனில் 1844-ல் வங்கியாளர் ஜேம்ஸ் லானியருக்கு ஃபிரான்சிஸ் காஸ்டிகன் வடிவமைத்த மாளிகையைப் பார்க்கும்போது, பாணியைவிட அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். உயரமான தூண்கள் எல்லாம் ஆற்றைப் பார்த்த பக்கத்தில். ஊருக்கு வருகிறவர்கள் படகில் வந்தார்கள், அவர்கள் கண்ணில் படுவதற்குத்தான் அவ்வளவு செலவு. ரயில் வந்த பிறகு எழுந்த ஊர்களில் நல்ல முகப்பெல்லாம் ஸ்டேஷனைப் பார்க்கும், கார் வந்த பிறகு நெடுஞ்சாலையைப் பார்க்கும்.

அரசுக் கட்டடங்களும் கேட்லாக் வீடுகளும்

தபால் நிலையத்துக்குக் கட்டாயம் போங்கள். 1930களில் கட்டியதாக இருந்தால் மூலைக்கல்லில் நிதித்துறைச் செயலாளர் ஹென்றி மார்கென்தா, தலைமைத் தபால் அதிகாரி ஜேம்ஸ் ஃபார்லி, மேற்பார்வைக் கட்டடக் கலைஞர் லூயிஸ் சைமன் என்று அதே பெயர்கள் ஊர் ஊராகத் திரும்பத் திரும்ப வரும். உள்ளே போய் போஸ்ட்மாஸ்டர் அறைக் கதவுக்கு மேலே பாருங்கள், ஓவியம் இருக்கலாம். அவற்றை எல்லாரும் டபிள்யூ.பி.ஏ. (அந்தக் காலத்து அரசு வேலைவாய்ப்புத் திட்டம்) ஓவியம் என்பார்கள், பெரும்பாலானவை அது அல்ல, 1934-ல் நிதித்துறையில் தொடங்கி 1943 வரை இருந்த கலைப்பிரிவு போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தவை.

நூலகம் உயரமான படிகளோடு, நடுவில் வாசல், இருபக்கமும் சமமான ஜன்னல்கள் என்று இருந்தால் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி பணத்தில் கட்டியதா என்று கேளுங்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 1,700 நூலகங்களுக்கு அவர் பணம் கொடுத்தார், ஆனால் இடம் ஊர் கொடுக்க வேண்டும், வருடா வருடம் நன்கொடையில் பத்து சதவீதத்தை நடத்தும் செலவுக்கு ஊரே போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்.

வீடுகள் பக்கம் போனால் 'இது சியர்ஸ் வீடு' என்று ஊருக்கு நாலு பேர் சொல்வார்கள். கேட்லாக் வழியாகத் தபாலில் பொருள் விற்ற சியர்ஸ் கம்பெனி 1908 முதல் 1940 வரை வீட்டையே பாகம் பாகமாக ரயிலில் அனுப்பி விற்றது உண்மைதான். அலாடின், மான்ட்கோமரி வார்டு என்று வேறு கம்பெனிகளும் விற்றன, உள்ளூர்த் தச்சர் அதே மாதிரி கட்டியதும் உண்டு. ஆகவே வெளித்தோற்றத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வீட்டுக்காரர் அனுமதித்தால் அடித்தளத்தில் உத்தரங்களின் முனைகளில் ஒரு எழுத்தும் சில எண்களும் முத்திரையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ரயில் பாதை பக்கத்தில் இருந்ததா என்பதும் ஒரு துப்பு.

காகிதத்தில் சரிபார்ப்பது

கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) வரி அலுவலகத்தின் இணையத்தளத்தில் கட்டிய ஆண்டு என்று ஒன்று போட்டிருக்கும். அது 1900 என்று இருந்தால் 'பழசு, தெரியாது' என்று படித்துக்கொள்ளுங்கள். சரியான வழி, பத்திரப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டர் ஆபீசில் கிரயப் பத்திரங்களைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போவது. இன்றைய உரிமையாளரில் தொடங்கி, அவருக்கு விற்றவர், அவருக்கு விற்றவர் என்று போகும்போது, ஓரிடத்தில் விலை திடீரென்று குதிக்கும். 200 டாலருக்கு வாங்கிய மனை மூன்று வருடத்தில் 2,500 டாலருக்குப் போயிருந்தால் நடுவில் கட்டடம் எழுந்திருக்க வேண்டும், அல்லது ஊரில் மனை விலையே எகிறியிருக்க வேண்டும். சான்பார்ன் தாளோடு ஒத்துப்பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். உள்ளூர் வரலாற்றுச் சங்கம் வாரத்தில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். தெரு எண்ணை மட்டும் சொல்லாமல் பழைய கடைப் பெயர் ஏதாவது தெரிந்து சொன்னால் பெட்டி பெட்டியாக எடுத்துத் தருவார்கள்.

வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு

நேஷனல் ரெஜிஸ்டரில் இருந்தால் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. சொந்தப் பணத்தில் செய்கிற தனியார் உரிமையாளரை அந்தப் பதிவு எதிலும் தடுப்பதில்லை, இடிப்பதைக்கூடத் தடுக்காது. கை கட்டுவது உள்ளூர்ச் சட்டம். 1931-ல் தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் தொடங்கிவைத்த வழி அது: ஊரே ஒரு எல்லையைப் போட்டு, ஒரு கமிஷன் அமைத்து, தெருவிலிருந்து தெரியும் மாற்றங்களுக்கு முன் அனுமதி கேட்கச் சொல்வது. ரெஜிஸ்டரின் எல்லையும் ஊர் போட்ட எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஆகவே நகராட்சியில் உள்ளூர் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பதிவால் கிடைக்கும் லாபம் வரிச் சலுகை. வருமானம் தரும் கட்டடத்தை விதிமுறைப்படி புதுப்பித்தால் தகுதியான செலவில் 20 சதவீதம் ஃபெடரல் வரியில் கழியும். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு இது கிடையாது, சில மாநிலங்கள் தனியாக ஏதாவது கொடுக்கும். வேலை தொடங்கும் முன்பே மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பேசிவிடுங்கள், பழைய ஜன்னலைப் பிடுங்கி வினைல் போட்ட பிறகு போய் நின்றால் சலுகை கிடைப்பது கஷ்டம். உள்ளூர்க் கமிஷனின் கூட்டக் குறிப்புகள் எல்லாருக்கும் பொதுவானவை. கடந்த ஒரு வருடக் குறிப்பை வாசித்தால் எதை மறுக்கிறார்கள், எதற்குத் தலையாட்டுகிறார்கள் என்பது விதிமுறைப் புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவாகத் தெரியும்.